வெள்ளைக் கோட்டுக்கு வெளியே

ஓட்டக்காரர்கள் பற்றிய குறிப்புகள். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம். எழுதின ஒழுங்கிலேயே விட்டிருக்கிறேன்.

*

சுபஹ் முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்புத் தேடும் கூட்டம். நடுவில் இரண்டு சோடி ஓட்டச் சப்பாத்து. ஒன்றில் குதிகாலின் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்து சாய்ந்திருக்கிறது.

ஒருவர் சாரனைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைக்கிறார். அடியில் ஏற்கெனவே நீளக் காற்சட்டை. பையைப் பள்ளிக்கு எதிர்க்கடைப் படியில் வைத்துவிட்டு ஓடத் தொடங்குகிறார். யாரும் தொடமாட்டார்கள்.

ஒருவர் மேசன். ஒருவர் வங்கியில் வேலை. ஒருவர் மருதமுனையில் தறி வைத்திருப்பவர். ஒருவர் இரவு மீன் லொறியில் போய் விடியப்புறம் திரும்புபவர்; அவருக்கு இந்த ஓட்டம் நாளின் கடைசி வேலை.

மேசன் ஏழரைக்கு வேலைத்தலத்தில் நிற்க வேண்டும். பிந்தினால் அரைநாள் கூலி.

*

கொழும்பைவிட இங்கே சூரியன் ஏறக்குறைய எட்டு நிமிடம் முந்தி. இரண்டு பாகை கிழக்கே இருக்கிறோம். பாகைக்கு நாலு நிமிடம்.

நோன்பு காலத்தில் வானொலியில் கொழும்புக்கான வாங்கு கேட்கும்போது இங்கே கஞ்சிக் கோப்பை காலியாகியிருக்கும்.

அந்த எட்டு நிமிடம் மாலையில் போய்விடுகிறது. காலையில் வெயிலாக வருகிறது.

*

"எங்க மனே ஓடுறாய்? ஆருக்கும் வருத்தமா?"

"இல்ல பெரியப்பா. சும்மாதான்."

"சும்மா ஆராவது ஓடுவானா?"

கேட்டவருக்கு எண்பது இருக்கும். பதிலைக் கேட்ட பிறகும் வீதியைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

*

2004 டிசம்பர் 26. ஞாயிறு. பௌர்ணமி. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர். ஊர் ஊராக எண்ண வேண்டும்.

2012 ஏப்ரல் 11. சுமாத்ராவில் மீண்டும் பூமியதிர்ச்சி. எச்சரிக்கை வந்தது. கரையில் இருந்த சனம் மேற்கே ஓடியது. அலை வரவில்லை.

கடற்கரைப் பக்கமிருந்து ஒருவன் வேகமாக ஓடி வந்தால் இன்னும் சில வீட்டு வாசல்களில் ஆட்கள் எழுந்து நிற்பார்கள். ஓட்டக்காரர்களுக்கு இது தெரியும். கரையிலிருந்து ஊருக்குள் திரும்பும் ஒழுங்கையில் நடக்கிறார்கள். வீதிக்கு வந்த பிறகுதான் மறுபடி ஓட்டம்.

யாரும் சொல்லிக்கொடுத்த விதி இல்லை.

*

மைதானத்தில் 100, 200, 400. மருதமுனையில் இன்னொரு மீற்றர் கணக்கு இருக்கிறது. கடலிலிருந்து வீடு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்ற கணக்கு. "65 மீற்றர் வீட்டுத்திட்டம்" என்றே ஒரு குடியிருப்புக்குப் பெயர்.

65 மீற்றரை நல்ல ஓட்டக்காரன் பத்து செக்கனுக்குள் ஓடிவிடுவான்.

*

பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி. மைதான நிகழ்ச்சிகளுக்குச் சில நாள் முந்தியே மரதன் ஓட்டத்தை நடத்தி முடித்துவிடுவார்கள். நாலு கிலோமீற்றராக இருக்கலாம், ஏழாக இருக்கலாம். பாடசாலை வாசலில் தொடங்கி பாடசாலை வாசலில் முடியும்.

முன்னால் உடற்கல்வி ஆசிரியரின் மோட்டார் சைக்கிள். வாயில் விசில்.

திரும்பும் இடத்தில் ஒரு மாணவத் தலைவன் நிற்கிறான். வருகிறவன் கையில் ஒரு றப்பர் வளையத்தை மாட்டிவிடுகிறான். அது இல்லாமல் முடிவுக் கோட்டைக் கடந்தால் கணக்கில் இல்லை. வேர்த்த கையில் வளையம் ஏறாது. இரண்டு செக்கன், மூன்று செக்கன் அங்கே போகும். முதலாமவனும் இரண்டாமவனும் அங்கேதான் இடம் மாறினார்கள்.

முடிந்ததும் தோடம்பழம். நாலாக வெட்டியது. சட்டி நிறைய.

சித்தாலேப வாசனை.

வென்றவன் சப்பாத்தே போடவில்லை.

*

இல்லங்களின் பெயர்கள் சுவரில்: ஹிறா, அறபா, மினா. இன்னொரு பாடசாலையில்: ஸபா, மர்வா.

பச்சைச் சட்டை ஸபா. நீலச் சட்டை மர்வா.

*

ஹஜ்ஜுக்குப் போக இருப்பவர் ஒருவர் சந்தாங்கேணி மைதானத்தைச் சுற்றி நடக்கிறார். வயது அறுபத்தைந்துக்கு மேல். முழங்கால் நோவு. ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஏறத்தாழ 450 மீற்றர். ஏழு தடவை. மூன்று கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட.

நடுவில் பச்சை விளக்குப் போட்ட ஒரு பகுதி உண்டு. அங்கே ஆண்கள் மெல்ல ஓடுவார்கள்.

"அந்தத் துண்டு மட்டும் ஓடினாப் போதும் எனக்கு," என்கிறார்.

மைதானத்தின் கோல் கம்பத்திலிருந்து அடுத்த மூலை வரைக்கும் ஓடிப் பார்க்கிறார். நிற்கிறார். மூச்சு வாங்குகிறார். திரும்பவும்.

பிள்ளைக்குத் தண்ணீர் தேடி ஒரு தாய் ஓடிய ஓட்டம் அது. நூற்றாண்டு நூற்றாண்டாகச் சனம் அதே இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

*

மருதமுனைத் தறிக்காரர். கையில் நாடா போய் வருகிறது. காலில் மிதிகட்டை. நாள் முழுக்க இடது, வலது, இடது, வலது.

"கால் களைக்காதா?"

"களைக்கிற கால் வேற. ஓடுற கால் வேற."

இதை அவர் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஓடும்போது அவர் தலை ஆடுவதே இல்லை. தறியிலும் ஆடாது.

*

கடற்கரை ஓட்டம். நனைந்து இறுகிய மணல் ஒரு பாய் அகலம்தான். அதற்கு மேலே கால் புதையும். அதற்குக் கீழே அலை.

கிழக்குக் கரை சரிவு. போகும்போது ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில். திரும்பும்போது மாறும். ஒரே திசையில் ஓடிவிட்டு பஸ்ஸில் திரும்புகிறவனுக்கு இடுப்பு நோகும்.

கரைவலை இழுக்கும் காலம். கயிறு கடலிலிருந்து இடுப்பு உயரத்தில் வருகிறது. இழுப்பவர்கள் பின்பக்கமாக நடக்கிறார்கள். ஓடுகிறவன் குனிந்து கயிற்றின் கீழால் போகிறான். "கொஞ்சம் புடிச்சிட்டுப் போ தம்பி!" பிடிக்கிறான். ஐந்து நிமிடம் இழுக்கிறான். கைக்குள் ஒரு பிடி கீரிமீன்.

கீரிமீனைப் பொலித்தீன் பையில் கட்டிக் கையில் பிடித்துக்கொண்டு மிச்சத்தை ஓடி முடித்தான்.

*

ஒலுவில் துறைமுகம். டென்மார்க் கடனில் கட்டியது. 2013இல் திறந்தார்கள். கல்லணைக்கு வடக்கே கரை போய்விட்டது. தென்னை விழுந்தது. வாடி விழுந்தது. நிந்தவூர் வரைக்கும் அரிப்பு.

இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் கல்லைப் போட்டால் தெற்கில் சேரும், வடக்கில் குறையும்.

முன்பு நிந்தவூரிலிருந்து ஒலுவில் பக்கமாக மணலிலேயே ஓடிப் போனவர்கள் உண்டு. இப்போது சில இடங்களில் கல்மேல் ஏற வேண்டும்.

ஓடுவதற்கு இருந்த இடம் கடலுக்குள் இருக்கிறது.

*

ஏ-4 வீதி. இலங்கையின் ஆக நீளமான பிரதான வீதி. கொழும்பு, இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை, மட்டக்களப்பு.

கல்முனையில் தொடங்கி நிந்தவூர் வரை ஓடினால் நாலு பிரதேச செயலகப் பிரிவு. கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். வீடுகளுக்கு இடையில் வெட்டவெளி அரிது. வரவேற்புப் பலகை மட்டும் மாறுகிறது.

மாளிகைக்காட்டில் ஒலிபெருக்கியில் ஸலவாத். காரைதீவுக்குள் கோயில் மணி. நிந்தவூரில் மறுபடி ஓதல். கால் ஓட்டம் மாறவில்லை.

காரைதீவுச் சந்தியில் விபுலானந்தர் சிலை. அவருக்கு அது பிறந்த ஊர். நேரே போனால் நிந்தவூர். மேற்கே திரும்பினால் மாவடிப்பள்ளி, சம்மாந்துறை, அம்பாறை. ஓட்டக்காரர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து முடிவெடுக்கும் இடம்.

*

மாவடிப்பள்ளிப் பாதை. இரண்டு பக்கமும் வயல். காற்று இருக்கும், வண்டி குறைவு. நீள ஓட்டத்துக்கு எல்லாரும் விரும்பும் பாதை.

2024 நவம்பர் 26. வெள்ளம் வீதிக்கு மேலால் போனது. நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து வீட்டுக்குப் போன மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் இங்கேதான் அடித்துச் செல்லப்பட்டது. மாணவர்கள் ஆறு பேர் உட்பட எட்டு ஜனாஸா.

அந்த இடத்தில் ஓட்டத்தை நிறுத்தி நடக்கிறார் ஒருவர். வாய் அசைகிறது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஓட்டம்.

வாய்க்காலில் இப்போது முழங்கால் அளவு தண்ணீர்.

*

அறுவடை முடிந்தால் வீதியோரம் நெல் காயும். தாரில் நீளத்துக்குப் பொன் நிறம். ஒரு பக்கம் கல்வரிசை, மறுபக்கம் காய்ந்த கிளை. நடுவில் குடையோடு ஒருவர்.

நெல்லுக்கு மேல் ஓடக் கூடாது. வீதிக்கு நடுவிலும் ஓட முடியாது. நெல்லுக்கும் டயருக்கும் இடையில் ஓர் அடி அகலம்.

"பரவாயில்ல, ஓரத்தால மிதிச்சிட்டுப் போங்க" என்றார் குடைக்காரர். ஓடியவன் மிதிக்கவில்லை. லொறி போகும் வரை நின்றான்.

*

கச்சான் காற்று. மேற்கு மலையில் மழையைக் கொட்டிவிட்டு, இறங்கி வரும்போது காய்ந்து, சூடேறி வருகிறது. அங்கே மண்சரிவு எச்சரிக்கை விடும் அதே நாளில் இங்கே உதடு வெடிக்கிறது.

மேற்கே ஓடிப் போனால் காற்று முகத்தில். திரும்பினால் முதுகில். முதுகில் காற்று வந்தால் வேர்வை காயாது, உடம்பு இன்னும் கொதிக்கும். உதவி செய்யும் காற்றுத்தான் ஆளை வீழ்த்துகிறது.

இங்கே ஆகக் குளிர்ந்த நேரம் விடிவதற்குச் சற்று முந்தி. காற்றில் ஈரம் ஆகக் கூடுதலாக இருப்பதும் அப்போதுதான். இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும்.

*

வேகத்தை அளக்க ஒருவரிடம் கைக்கடிகாரம் இல்லை. ஸலவாத் ஓதிக்கொண்டே ஓடுகிறார். மூச்சு முறியாமல் ஓத முடிந்தால் சரியான வேகம். முறிந்தால் குறைக்கிறார்.

பேச முடிகிற வேகத்தில் ஓடு என்றுதான் பயிற்றுநர்களும் சொல்கிறார்கள், உலகம் முழுக்க.

*

ஆசிரியை ஒருவர். வீட்டு வளவுக்குள் ஓடுகிறார். சுற்றுமதில் உயரம். கிணறு, மாமரம், கோழிக்கூடு, மறுபடி கிணறு.

சுற்று எண்ணுவதற்கு விரலில் தஸ்பீஹ் கவுண்டர். பிளாஸ்டிக். சிறிய திரை. கிணற்றடிக்கு வரும்போதெல்லாம் ஒரு அழுத்து.

நிலம் ஒரு வட்டமாகத் தேய்ந்திருக்கிறது. அங்கே புல் இல்லை.

பாடசாலைக் காலத்தில் 800 மீற்றர் ஓடியவர். மாகாண மட்டம் வரைக்கும் போனார். சாதாரண தரப் பரீட்சை வந்தது. பிறகு எல்லாம் வந்தது.

"இப்பயும் கால் கேக்குது," என்றார்.

*

ஆயிஷா நாயகியும் நபிகளும் ஓட்டப் பந்தயம் வைத்துக்கொண்ட ஹதீஸ் இந்த ஊர்களில் எல்லாருக்கும் தெரியும். முதல் தடவை ஆயிஷா வென்றார். சில ஆண்டு கழித்து நபிகள் வென்றார்கள். ஜும்ஆ மேடையில் குடும்ப அன்புக்கு உதாரணமாகச் சொல்லப்படுவது.

இரண்டு பேர் ஓடினார்கள். ஒருவர் பெண். அது வெட்டவெளி.

பஹ்ரைனின் ரொக்கையா அல்-கஸ்ரா 2006 டோஹா ஆசிய விளையாட்டு விழாவில் 200 மீற்றரில் தங்கம் வென்றார். தலையை மூடித்தான் ஓடினார். அந்த ஓட்டத்தை நிந்தவூரில் ஒரு பெண்பிள்ளை அலைபேசியில் வைத்திருக்கிறாள். ஒளிப்பதிவு மங்கல். திரும்பத் திரும்பப் பார்த்தது.

மைதானத்தில் பெண்களுக்கென்று ஒரு மணித்தியாலம் இல்லை. கேட்டால் "பார்ப்போம்" என்கிறார்கள். பார்ப்போம் என்று சொல்லிப் பல மழை போய்விட்டது.

*

கடற்கரை வீதியில் சுபஹுக்குப் பிறகு பெண்கள் கூட்டமாக நடக்கிறார்கள். அபாயா. அடியில் ஓட்டச் சப்பாத்து. சீனி வருத்தத்துக்கு வைத்தியர் சொன்ன நடை.

நாலு பேர் வரிசையாக. ஒருத்தி மட்டும் இடையிடையே முன்னால் ஓடிப் போய் நின்று மற்றவர்களுக்காகக் காத்திருக்கிறாள். அவர்கள் வந்து சேர்ந்ததும் மறுபடி முன்னால்.

"என்ன ராத்தா அவசரம்?"

"அவசரமில்ல. கால் சும்மா இரிக்குதில்ல."

*

முள்ளியவளை அகிலத்திருநாயகி. சிறைச்சாலை உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம். வயது எழுபதைத் தாண்டியது.

அவருடைய படத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார் சாய்ந்தமருதில் ஒரு சலூன்காரர். கண்ணாடிக்கு மேலே. இரண்டு பக்கமும் கால்பந்து வீரர்கள்.

*

பொத்துவில் அஷ்ரப். 100 மீற்றர், 200 மீற்றர். 2016 தெற்காசிய விளையாட்டு விழா, குவாஹாத்தி. 4x100 அஞ்சலோட்டத்தில் தங்கம் வென்ற இலங்கை அணியில் ஒருவர்.

பொத்துவிலில் அப்போது செயற்கை ஓடுபாதை கிடையாது. மணலும் புல்லும்.

வேகம் மணலில்தான் வந்தது என்கிறார்கள் ஊரில். கடலும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

*

தேசிய விளையாட்டு விழாவுக்குப் படி இதுதான்: பிரதேசம், மாவட்டம், மாகாணம், தேசியம். பிரதேச மட்டத்தில் 5000 மீற்றர். புல் மைதானம். சுண்ணாம்புக் கோடு. எட்டுப் பேர் பெயர் கொடுத்து மூன்று பேர் வந்தார்கள். ஒருவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. ஒருவர் உம்மாவை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனார். மிச்சத்தைக் கேட்கவில்லை.

மூன்று பேரும் மாவட்டத்துக்குத் தெரிவு.

மூன்றாவதாக வந்தவர் ஒரு சுற்றுப் பின்னால். மற்ற இருவரும் முடித்த பிறகு, நேரக் கணிப்பாளர்கள் கதிரையை மடிக்கத் தொடங்கினார்கள். அவர் ஓடிக்கொண்டே இருந்தார். கதிரையை மறுபடி விரித்தார்கள்.

*

நோன்பு. ஒவ்வொரு வருடமும் பத்து, பதினொரு நாள் முந்தி வரும். ஓட்டக்காரனின் நாட்காட்டியும் அதோடு நகரும். இந்த வருடங்களில் நோன்பு பெப்ரவரியிலும் மார்ச்சிலும். முஸ்லிம் பாடசாலைகளுக்கு அப்போது விடுமுறை. இல்ல விளையாட்டுப் போட்டியை அதற்கு முந்தி அவசரமாக முடிக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பயிற்சி நாட்கள் குறைவு.

2012 லண்டன் ஒலிம்பிக் முழுக்க நோன்புக்குள்தான் நடந்தது.

நோன்பில் எப்போது ஓடுவது? மூன்று கட்சி இருக்கிறது.

முதலாவது கட்சி: நோன்பு திறக்க முக்கால் மணித்தியாலம் முந்தி. மெதுவாக. முடியும்போது தண்ணீர் காத்திருக்கும்.

இரண்டாவது: தராவீஹ் முடிந்து. இரவு பத்துக்குப் பிறகு. வீதியில் கடை திறந்திருக்கும், சனம் இருக்கும், வெளிச்சம் இருக்கும்.

மூன்றாவது: ஓடாமல் இரு. அந்த மாதம் வேறொன்றுக்கு.

மூன்று கட்சிக்காரர்களும் ஒரே ஸப்பில் நிற்கிறார்கள்.

*

முதல் கட்சிக்காரர் ஒருவர் ஓடி முடித்து வாசல் படியில் இருக்கிறார். கையில் ஒரு பேரீச்சம்பழம். கொட்டையை முன்னமே எடுத்துவிட்டார். வாங்குக்கு இன்னும் நாலு நிமிடம். வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டுகிறது. பழத்தைப் பார்க்கிறார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மகள் வந்து பக்கத்தில் இருக்கிறாள். அவளுக்கும் ஒரு பழம். அரை நோன்பு பிடித்தவள்.

*

2022. எரிபொருள் இல்லை. நிலையத்து வரிசை வீதி நீளத்துக்கு. பிறகு கியூ.ஆர். கோட்டா. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நாலு லீற்றர், ஓட்டோவுக்கு ஐந்து.

அந்த மாதங்களில் வீதி முழுக்க ஓட்டக்காரர்களுடையது. நடுக்கோட்டின் மேல் ஓடினார்கள்.

ஓட்டோக்காரர் ஒருவர் அப்போதுதான் ஓடப் பழகினார். வரிசையில் ஓட்டோவை விட்டுவிட்டு, தள்ளும் நேரத்துக்குள் ஒரு சுற்று. பெற்றோல் வந்தது. ஓட்டத்தை விடவில்லை.

சப்பாத்து விலை அந்த வருடம் ஏறியது ஏறியதுதான். அடி தேய்ந்தால் தைக்கிறார்கள். ஓட்டச் சப்பாத்துக்கு மோட்டார் சைக்கிள் டயர் அடி ஒட்டித் தைப்பவர் கல்முனைச் சந்தைப் பக்கம் இருக்கிறார். பாரம் கூடும். ஆனால் தேயாது.

*

ஆனி, ஆடி. கதிர்காமப் பாதயாத்திரை. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து நடந்து வருகிறவர்கள் இந்த வீதியால்தான் போகிறார்கள். வெறுங்கால். தலையில் மூட்டை. பொத்துவில், உகந்தை, பிறகு குமணக் காடு.

ஓடுகிறவன் எதிரே வருகிறான். அவர்கள் "அரோகரா" என்கிறார்கள். அவன் கையை நெஞ்சில் வைத்துத் தலையசைக்கிறான்.

அவர்களில் ஒரு கிழவி. குதிகால் வெடிப்புக்குள் தார். வேகம் குறையவில்லை.

சாய்ந்தமருதில் ஒரு கடைக்காரர் தண்ணீர்ப் போத்தல் கொடுக்கிறார். முதலில் யாத்திரிகருக்கு. பிறகு ஓட்டக்காரனுக்கு.

*

அஷ்ரப் நகர்ப் பக்கம் ஓடுகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி: "இண்டைக்கு ஆனை நிக்குதா?"

பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுக்கு யானை வரும். குப்பையோடு பொலித்தீனையும் தின்னும். தின்று செத்தவை உண்டு.

மேட்டுக்கும் ஓட்டப் பாதைக்கும் நடுவில் புதிய சாணம். அதற்குள் ஒரு பிஸ்கட் பக்கற் துண்டு. எழுத்து இன்னும் வாசிக்கலாம்.

அன்று எல்லாரும் திரும்பிவிட்டார்கள்.

*

நாய்கள். ஓடினால் துரத்தும், நின்றால் நிற்கும். சைக்கிளை விடும், ஆளை விடாது. பழகின ஒருவர் காற்சட்டைப் பைக்குள் பாண் துண்டு வைத்திருக்கிறார். மூன்று மாதத்துக்குப் பிறகு நாய்கள் அவரோடு ஓடுகின்றன.

*

சுனாமிக்குப் பிறகு சாய்ந்தமருதில் எழுந்த குடியேற்றம் ஒன்றுக்கு வொலிவேரியன் கிராமம் என்று பெயர். வெனிசுவேலாவின் உதவி. தென்னமெரிக்காவின் சிமோன் பொலிவார் பெயர் வயலோரத்தில்.

அங்கே மாலையில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். பெரும்பாலோர் 2004க்குப் பிறகு பிறந்தவர்கள். கடற்கரை அவர்களுக்கு விடுமுறைக்குப் போகும் இடம்.

*

கத்தாரிலிருந்து திரும்பியவர். டோஹா கோர்னிஷில் ஓடப் பழகினார். அங்கே வேலை பன்னிரண்டு மணித்தியாலம், வெயில் நாற்பதைத் தாண்டும், ஆனால் ஓடுவதற்கென்று பாதை இருந்தது, விளக்கு இருந்தது, தண்ணீர்க் குழாய் இருந்தது.

"இங்க என்ன இரிக்கி?"

கொஞ்சம் யோசித்தார்.

"இங்க ஆக்கள் பேர் சொல்லிக் கூப்புடுவாங்க."

*

பந்தய நாள். கழகம் ஒன்றின் ஆண்டு விழா. பத்துக் கிலோமீற்றர் என்று துண்டுப் பிரசுரம். ஒருவர் கைக்கடிகாரம் ஒன்பது சொச்சம் என்றது. யாரும் முறையிடவில்லை.

இலக்கத் துணியை ஊசியால் குத்துகிறார்கள். நாலு ஊசி வேண்டும். ஆளுக்கு இரண்டுதான் கிடைத்தது. மேலிரண்டு மூலையும் குத்தி, கீழே காற்றில் அடிக்கிறது.

தொடக்கத்துக்கு முன் துஆ. எல்லாரும் கையேந்துகிறார்கள். காரைதீவிலிருந்து வந்த இரு பையன்கள் கைகட்டி நிற்கிறார்கள். ஆமீன் முடிந்ததும் ஒருவன் நெற்றியில் விரலைத் தொட்டு மார்பில் வைத்தான். விசில்.

முதல் கிலோமீற்றர் எல்லாரும் வேகம். வீதியில் சொந்தக்காரர் நிற்பார்கள்.

ஐந்தாவது கிலோமீற்றரில் சொந்தக்காரர் இல்லை. அங்கேதான் பந்தயம்.

மேசன் நாலாவதாக வந்தார். பரிசு மூன்று பேருக்கு. கிண்ணங்கள் கொடுத்து முடியும் வரை நிற்கவில்லை. சைக்கிளில் ஏறினார். அன்றைக்கு ஒரு வீட்டுக்குக் கொங்கிரீட் போடும் நாள். தட்டுக்கு ஆள் குறைந்தால் வேலை நின்றுவிடும்.

சட்டையில் இலக்கம் இருந்தபடியே போனார். கொங்கிரீட் போட்ட வீட்டில் அவரை அன்று முழுக்க அந்த இலக்கம் சொல்லித்தான் கூப்பிட்டார்களாம்.

*

42.195 கிலோமீற்றர். 1908இல் லண்டனில் ஓடிய தூரம். 1921இல் அதையே நிலையாக வைத்தார்கள்.

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 40.

மீன் லொறிக்காரருக்கு அந்த வீதி மனப்பாடம். எங்கே பாலம், எங்கே வளைவு, எங்கே பொலிஸ் நிற்கும். ஒரு நாள் அதை ஓடிப் பார்க்க வேண்டும் என்கிறார். கல்லாறு, களுவாஞ்சிக்குடி, ஆரையம்பதி, காத்தான்குடி. ஊர்ப் பெயர்களை அடுக்கும்போது குரல் இறங்குகிறது. முப்பது வருடத்துக்கு முந்தி இதே வீதியில் இரவில் போக முடியாது. ஊருக்கு ஊர் பயம்.

இப்போது போகலாம். ஓடியும் போகலாம்.

*

விடியப்புறம் ஓடுகிறவர்கள் யார் யார் என்று வீதியோரத் தேத்தண்ணிக் கடைக்காரருக்குத் தெரியும். முகம் தெரியாது. இருட்டு. காலடிச் சத்தத்தில் சொல்கிறார். "இது தறிக்கார நானா. இது பேங்க் தம்பி. இது புது ஆள்."

ஒரு சத்தம் சில நாளாக இல்லை என்றார். விசாரித்தோம். வண்டி இடித்து முழங்கால் உடைந்து வீட்டில் இருக்கிறார். இடித்த வண்டி நிற்கவில்லை.

*

அந்த நேரத்து வீதி எப்படி இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும்.

கொழும்பிலிருந்து இரவு முழுக்க ஓடி வந்த பஸ்கள் ஊருக்குள் நுழையும் நேரம். சாரதிக்கு நித்திரைக் கண். மரக்கறி லொறி. மீன் வாங்கப் போகும் மோட்டார் சைக்கிள், விளக்கில்லாமல். வீதியின் ஓரத்தில் வெள்ளைக் கோடு. கோட்டுக்கு வெளியே சில இடங்களில் இரண்டடி, சில இடங்களில் அரையடி, சில இடங்களில் நேரே வடிகான்.

எதிரே பெரிய விளக்குப் போட்டு வந்தால் ஓடுகிறவனுக்குக் கால் வைக்கும் இடம் தெரியாது. கண் மறுபடி இருட்டுக்குப் பழகச் சில விநாடி வேண்டும். அந்தச் சில விநாடியும் அவன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறான்.

*

ஓடுகிறவர்களுக்கு: வண்டி இடப்பக்கம் போகும் நாடு. நீங்கள் வலப்பக்கம் ஓடுங்கள், வருகிற வண்டியைப் பார்த்தபடி. வெள்ளைச் சட்டை போடுங்கள். காதில் எதுவும் மாட்டாதீர்கள்.

பிரதேச சபைக்கும் மாநகர சபைக்கும்: மைதானத்தில் பெண்களுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். செலவில்லை. ஒரு அறிவித்தல் பலகை போதும்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு: சுபஹ் வாங்கு சொன்னதிலிருந்து வெயில் ஏறும் வரை, பெரிய நீலாவணையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும், வீதியோரத்தில் ஆட்கள் ஓடுகிறார்கள், நடக்கிறார்கள். ஏழரைக்கு வேலைக்குப் போக வேண்டியவர்கள். விளக்கைத் தாழ்த்துங்கள். வெள்ளைக் கோட்டைத் தாண்டாதீர்கள்.